நோசல் பம்பை இறக்குவதற்கு முன்: பழைய லோரியின் டீசல் கோளாற்றை எந்த வழியில் தேடுவது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் தோட்டத்துக்கும் எண்ணெய் ஆலைக்கும் இடையே செம்பனைக் குலை இழுக்கும் லோரிகளில் பல, அவற்றை ஓட்டும் பிள்ளைகளைவிட வயதில் மூத்தவை. என்னுடையதும் அப்படித்தான். 4பிடி1 இயந்திரம் பொருத்திய இசுசு என்பிஆர்; 3,856 சிசி, நான்கு சிலிண்டர், வரிசை வகை நோசல் பம்பு, அதாவது நோசல்கள் வழியாகச் சிலிண்டருக்குள் பீய்ச்சும்படி டீசலை உயர் அழுத்தத்தில் தள்ளும் பம்பு. இதில் கணினி கிடையாது. கோளாறு வந்தால் எண் காட்டும் விளக்கும் கிடையாது. காட்டும் அடையாளங்கள் எல்லாம் புகை, சத்தம், ஏற்றத்தில் வண்டி இழுக்கும் விதம் ஆகியவைதாம்.

இத்தகைய லோரிகளில் அடிக்கடி கேட்கும் குறை ஒன்றே. வெறும் வண்டியாக இருக்கும்போது நன்றாக ஓடுகிறது. பாரம் ஏற்றி மேட்டில் ஏறும்போது மூச்சுத் திணறுகிறது. சில வேளை நின்றே போகிறது. பத்து நிமிடம் பொறுத்துச் சாவியைத் திருப்பினால் ஒன்றும் நடவாததுபோல் கிளம்புகிறது. அப்போது உரிமையாளர் முன் சில வழிகள் இருக்கின்றன. பில்டரை மாற்றிப் பார்க்கலாம். தொட்டியிலிருந்து டீசல் வரும் பாதையைக் கட்டம் கட்டமாகச் சோதிக்கலாம். நோசல் பம்பை இறக்கி ஈப்போ நகரத்துக்குக் கலிபரேஷனுக்கு, அதாவது டெஸ்ட் பெஞ்ச் என்னும் சோதனை மேசையில் ஓட்டி அளந்து சரிசெய்ய, அனுப்பலாம். பழைய வண்டிகளின் உறுப்புகளை விற்கும் பொட்டோங் கடையில் பழைய பம்பு ஒன்றை வாங்கி மாட்டலாம். தொட்டிக்கு அருகில் மின்பம்பு ஒன்றைச் சேர்க்கலாம். இவற்றில் எதை முதலில் செய்வது, எதைக் கடைசிக்குத் தள்ளுவது என்பதைச் செலவு, நேரம், கிடைக்கும் விடையின் உறுதி ஆகியவற்றைக் கொண்டு ஒப்பிட்டுப் பார்க்கிறேன்.

நேரத்தைக் கணக்கில் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு. வெட்டிய குலையில் எண்ணெயின் தரத்தைக் கெடுக்கும் கொழுப்பு அமிலம் மணிக்கு மணி ஏறிக்கொண்டிருக்கும். 24 மணி நேரத்துக்குள் ஆலையில் அவித்துவிடவேண்டும் என்பது தோட்டத்தார் அனைவரும் அறிந்த கணக்கு. லோரி மூன்று நாள் பட்டறையில் நின்றால், பட்டறைச் சீட்டில் எழுதப்படாத செலவு வேறொன்று ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒப்பிடுவதற்கு முன், டீசல் போகும் பாதையை மனத்தில் வரைந்துகொள்வது நல்லது. தொட்டிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாயில் தொடங்கி, சட்டத்தின் ஓரமாக வரும் இரும்புக் குழாய், இடையிடையே ரப்பர் ஹோஸ், தண்ணீர் பிரிக்கும் கிண்ணம் ஆகியவற்றைக் கடந்து டீசல் ஃபீட் பம்புக்கு வருகிறது. நோசல் பம்பின் விலாவிலேயே பொருத்தப்பட்டு, அதன் கேம் தண்டால் இயங்கும் சிறிய பம்பு அது; கையால் அமுக்கும் ஹேண்ட் பம்பும் அதன் தலையில்தான் இருக்கிறது. அதற்குப் பிறகு பில்டர், அதற்குப் பிறகு நோசல் பம்பு. மிகுந்துபோகும் டீசல் ஓவர்ஃப்ளோ வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறது. இந்தப் பாதையை இரண்டாகப் பிரிக்கும் எல்லைக்கல் ஃபீட் பம்பு. அதற்கு முன்னால் இருப்பது உறிஞ்சும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். அதற்குப் பின்னால் இருப்பது அழுத்தும் பக்கம். அங்கே ஓட்டை விழுந்தால் டீசல் வெளியே வரும், கண்ணுக்குத் தெரியும். பட்டறைகளில் வீணாகும் பொழுதில் பெரும்பகுதி, உறிஞ்சும் பக்கத்துக் கோளாற்றை அழுத்தும் பக்கத்தில் தேடுவதால்தான் வீணாகிறது என்பது என் எண்ணம்.

ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்பே புகையைப் பார்த்துப் பாதியைத் தெரிந்துகொள்ளலாம். பாரத்தோடு மேட்டில் இழுவை குறையும்போது கரும்புகை வந்தால், டீசல் போதுமான அளவு போகிறது, அது சரியாக எரியவில்லை என்று கொள்ளவேண்டும்; ஏர் பில்டர் அடைப்பு, நோசல் தேய்மானம், டைமிங் (டீசல் பீய்ச்சப்படும் நேரம்) ஆகியவற்றின் பக்கம் போகவேண்டும். இழுவையும் இல்லை, புகையும் இல்லை என்றால் இயந்திரம் பட்டினி கிடக்கிறது. இந்தக் கட்டுரை பெரும்பாலும் அந்தப் பட்டினியைப் பற்றியது. பட்டினியிலும் இரண்டு இலவசச் சோதனைகளை முடித்துவிட்டுத்தான் மேலே போகவேண்டும். ஒருவரை எக்சலேட்டரை முழுதும் மிதிக்கச் சொல்லி, கேபிள் இழுக்கும் நோசல் பம்பின் கைப்பிடி கடைசி வரை போய் முட்டுகிறதா என்று பார்ப்பது ஒன்று. கேபிள் தொய்ந்துபோய், முக்கால் பங்கு திறப்போடு மாதக்கணக்கில் ஓடும் லோரிகள் இருக்கின்றன. மற்றொன்று, வண்டி திணறும் இடத்திலேயே தொட்டி மூடியைத் திறப்பது. புஸ்ஸென்று காற்று உள்ளே இழுத்தால் மூடியின் மூச்சுத்துளை மண்ணால் அடைந்திருக்கிறது. அதோடு தேடல் முடிந்தது. செம்மண் சாலையில் ஓடும் வண்டிக்கு இது அரிய கோளாறு அன்று.

என் அனுபவத்தை இங்கே சொல்வது பொருத்தம். சில ஆண்டுகளுக்கு முன் இதே லோரி, தோட்டத்து ஆற்றுப்பாலம் தாண்டி வரும் மேட்டில் ஒரே இடத்தில் நின்று நின்று போயிற்று. புகை சிறிதும் இல்லை. பில்டரை மாற்றியதும் இரண்டு நாள் நன்றாக ஓடியது. மூன்றாம் நாள் மறுபடி அதே மேடு, அதே நிற்றல். பட்டறையில், "நோசல் பம்பு போயிடுச்சி முதலாளி, கலிபரேஷன் போட்டாதான் சரியாகும்" என்றார்கள். நம்பிப் பம்பை இறக்கி அனுப்பினேன். ஐந்து நாள் கழித்து, புதிய ரப்பர் சீல்களும் பழைய பம்பும் பெரிய சீட்டுமாகத் திரும்பி வந்தது. மாட்டினோம். முதல் நடையிலேயே அந்த மேட்டில் லோரி நின்றது. அப்போது என்னிடம் ஓட்டிக்கொண்டிருந்த தம்பி வண்டியைவிட்டு இறங்கி, "அண்ணே, வந்த வழியெல்லாம் பாத்தாச்சி, நுழையற வாசலப் பாக்கலியே" என்றான்.

அவன் சொன்னது ஃபீட் பம்புக்குள் டீசல் நுழையும் இடத்தில் ஹோஸைப் பிடித்துவைத்திருக்கும் துளை போல்ட்டை. அதைக் கழற்றினோம். போல்ட்டின் வயிற்றுக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு கம்பிவலைக் குப்பி இருந்தது. அப்படியொன்று அங்கே இருப்பதே அதுவரை எனக்குத் தெரியாது. வலையின் கண்கள் எதுவும் தெரியவில்லை. புளித்த மாவில் கரியைக் கலந்ததுபோல் கருங்கூழ் ஒன்று வழுவழுவென்று அதைப் பூசி மூடியிருந்தது. பல் துலக்கும் பழைய பிரஷால் டீசலில் கழுவி மாட்டியதோடு கோளாறு போயிற்று. பம்பைச் சோதித்த ஈப்போ கடையைக் குறை சொல்ல இடமில்லை. பம்பை இறக்கும்போது அந்த போல்ட் ஹோஸோடு சேர்ந்து லோரியிலேயே தங்கிவிடுகிறது; டெஸ்ட் பெஞ்சில் அவர்கள் தங்கள் குழாயையும் தங்கள் போல்ட்டையும் கொண்டுதான் சோதிக்கிறார்கள். வலை அடைப்பு அங்கே தெரிய வழியே இல்லை.

அந்த ஐந்து நாளுக்குப் பிறகு நான் வழிகளை வரிசைப்படுத்தும் முறை மாறியது. பில்டர் மாற்றுவதை முதலில் எடுத்துக்கொள்வோம். செலவு குறைவு, அரைமணி நேர வேலை, எப்படியும் என்றாவது செய்யவேண்டியது. ஆனால் கோளாறு எங்கே என்பதற்கு அது விடை சொல்வதில்லை. மாற்றிய பின் சரியானால்கூட, பில்டர் ஏன் அடைந்தது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது. சரியாகாவிட்டால் பழைய இடத்திலேயே நிற்கிறோம். என் லோரியில் பில்டர் மாற்றியபின் இரண்டு நாள் ஓடியதற்குக் காரணம், புதுப் பில்டர் தடையின்றி டீசலை விட்டதால் அரைகுறையாக அடைந்திருந்த வலையோடும் இயந்திரம் சமாளித்துக்கொண்டதுதான். அந்த இரண்டு நாள்தான் எங்களைத் தவறான பக்கம் அனுப்பியது. எனினும் பழைய பில்டரை வீசிவிடாமல் அறுத்துப் பார்த்தால் அது நல்ல சாட்சி. மடிப்புகளில் கருங்கூழ் இருந்தால் தொட்டியில் தண்ணீர் நின்று கிருமி வளர்ந்திருக்கிறது. செந்துரு இருந்தால் தொட்டியின் உட்சுவர் உதிர்கிறது. மினுமினுக்கும் உலோகத் தூள் இருந்தால் அதற்கு முன்னால் உள்ள ஃபீட் பம்பு தேய்கிறது. ஆகையால் பில்டர் மாற்றுவதைச் சிகிச்சையாகக் கொள்வதைவிட ஒரு பரிசோதனையாகக் கொண்டால் கொடுத்த காசுக்குப் பயன் உண்டு.

பாதையைச் சோதிப்பதில் எனக்குப் பிடித்த வழி பத்து லிட்டர் டின் வழி. சுத்தமான டீசலை ஒரு டின்னில் ஊற்றி, கேபினுக்குப் பின்னால் இறுகக் கட்டி, அதிலிருந்து புது ஹோஸ் ஒன்றை நேரே ஃபீட் பம்பின் வாயில் மாட்டவேண்டும். அவ்வாறு செய்யும்போது லோரியின் தொட்டி, உறிஞ்சு குழாய், சட்டத்துக் குழாய், பழைய ரப்பர், தண்ணீர்க் கிண்ணம் ஆகிய அனைத்தும் ஒரே அடியில் வழக்கிலிருந்து விலகிவிடுகின்றன. அதே பாரத்தோடு அதே மேட்டை ஏறிப் பார்த்தால், இழுவை திரும்பினால் குற்றவாளி விலக்கப்பட்டவற்றுள் இருக்கிறான். திரும்பாவிட்டால் ஃபீட் பம்பிலோ அதற்கு அப்பாலோ இருக்கிறான். செலவு ஒரு டின், ஒரு ஹோஸ், இரண்டு கிளிப். நேரம் ஒரு மணி. பம்பை இறக்கும் முடிவோடு ஒப்பிட்டால் இதைச் செய்யாமல் இருப்பதற்கு ஒரு காரணமும் எனக்குத் தோன்றவில்லை.

ஆனாலும் இந்தச் சோதனையில் மூன்று இடங்களில் ஏமாறலாம். முதலாவது, திரும்பும் ஹோஸையும் டின்னுக்குள் விடவேண்டும். இல்லாவிட்டால் மிகுதி டீசல் லோரியின் தொட்டிக்குப் போய்க்கொண்டே இருக்கும், பத்து லிட்டர் எண்ணிப் பார்ப்பதற்குள் தீர்ந்துவிடும், வண்டி டீசலின்றி நிற்பதைப் பார்த்துக் கோளாறு தொடர்கிறது என்று முடிவுகட்டிவிடுவோம். இரண்டாவது, டின்னை உயரத்தில் கட்டினால் டீசல் தன் எடையாலேயே இறங்கும். வலுவிழந்த ஃபீட் பம்புகூட அப்போது நல்ல பம்பு போல நடிக்கும். ஆகவே உயரத்தில் ஒருமுறை, தொட்டியின் மட்டத்தில் ஒருமுறை என இரண்டு தடவை ஓட்டிப் பார்க்கவேண்டும். உயரத்தில் சரி, தாழ்வில் திணறல் என்றால் உறிஞ்சும் திறன் குறைந்த ஃபீட் பம்பையோ அதன் வால்வுகளையோ சந்தேகிக்கலாம். மூன்றாவது, என் கதையில் வந்த துளை போல்ட். பழைய போல்ட்டையே பயன்படுத்தி டின்னை மாட்டினால் அடைந்த வலையும் சேர்ந்தே மாட்டப்படும். அதை முதலில் கழற்றிக் கழுவி, செப்பு வாஷர் இரண்டையும் புதிதாகப் போட்டுவிட்டுத்தான் டின் கட்டவேண்டும்.

டின் வழியில் இழுவை திரும்பியது, ஆகவே கோளாறு உறிஞ்சும் பக்கத்தில் என்று தெரிந்தபின், அது அடைப்பா காற்று புகுதலா என்பதைப் பிரிக்கவேண்டும். நின்றபின் பத்து நிமிடத்தில் தானாகக் கிளம்பும் வண்டியில் நான் முதலில் நினைப்பது தொட்டிக்குள் மிதக்கும் குப்பை. டிரம் மூடியின் பிளாஸ்டிக் துண்டு, நாற்றங்கால் பையின் கிழிசல், காய்ந்த இலை ஆகியவற்றுள் எது விழுந்திருந்தாலும் உறிஞ்சும்போது குழாய் வாயில் போய் ஒட்டிக்கொள்ளும். இயந்திரம் நின்றால் பிடி விட்டு அகன்றுவிடும். மாறாக, காலையில் நெடுநேரம் சுற்றியபின்தான் கிளம்புகிறது, கிளம்பியபின் சிறிது நேரம் தடுமாறிப் பிறகு சீராகிறது என்றால், இரவெல்லாம் எங்கோ காற்று புகுந்து டீசல் தொட்டிக்கே வழிந்து போயிருக்கிறது. ஹேண்ட் பம்பும் இதைக் கைக்குச் சொல்லும். மேலே இழுத்த குமிழ் கையை விட்டதும் கீழ்நோக்கி உறிஞ்சப்பட்டால் அடைப்பு; எத்தனை முறை அமுக்கினாலும் வெறுங்காற்றை அமுக்குவதுபோல் எதிர்ப்பே இல்லாவிட்டால் காற்று.

கண்ணால் பார்க்க விரும்புபவர், தண்ணீர்க் கிண்ணத்துக்கும் ஃபீட் பம்புக்கும் இடையில் ஒரு சாண் நீளத்துக்கு டீசல் தாங்கும் தெளிவான ஹோஸை இடைச்செருகிப் பார்க்கலாம். இயந்திரம் ஓடும்போது அதில் டீசல் அசைவதே தெரியக்கூடாது. பில்டர் மாற்றிய சற்று நேரத்துக்குக் குமிழிகள் வருவதும், வளைவின் மேட்டில் ஒரு குமிழி நின்று ஆடுவதும் குற்றமன்று. சோடாவைக் குலுக்கியதுபோல் நுண்குமிழிகள் இடைவிடாது ஓடினால்தான் கவலைப்படவேண்டும். இங்கேயும் ஒரு சிக்கல் உண்டு. முன்னால் பெரிய அடைப்பு இருந்தால், பம்பு இழுக்கும் இழுப்பில் டீசலில் கரைந்திருக்கும் காற்றே பிரிந்து குமிழியாக வரும். ஓட்டையே இல்லாமல் குமிழி காணலாம். இந்த இடத்தில்தான் வெற்றிடம் காட்டும் கேஜ் ஒன்று தன் விலையைச் சம்பாதித்துக்கொள்கிறது. அதே இடத்தில் அதை மாட்டினால், குமிழியோடு முள் ஆழமாக இறங்கினால் அடைப்பு, குமிழியோடு முள் அசையாமல் சோர்ந்து நின்றால் ஓட்டை. கேஜுக்கு ஆகும் செலவைப் பார்த்துத் தயங்குபவர்கள், சந்தேகமுள்ள ஒவ்வொரு இணைப்பிலும் கிரீஸை அப்பிக்கொண்டே போய், எங்கே அப்பும்போது குமிழி நிற்கிறது என்று பார்க்கலாம். கையைக் கறுப்பாக்கும் வழி. ஆனால் பழுதில்லாத வழி.

கேஜ் வாங்குபவர்களுக்கு ஒரு யோசனை. வண்டி நன்றாக இருக்கும் நாளில் உறிஞ்சும் பக்க அளவையும், பில்டருக்குப் பின்னால் அழுத்தும் பக்க அளவையும் எடுத்துக் கேபின் கதவின் உட்புறத்தில் பெயின்ட்டால் எழுதி வையுங்கள். என் வண்டியில் பில்டருக்குப் பிறகு ஒன்றரை பார் சுற்றி நிற்கிறது. வரிசைப் பம்புகளில் ஓவர்ஃப்ளோ வால்வின் வில்தான் இந்த அழுத்தத்தைப் பிடித்துவைக்கிறது. அந்த வில் சோர்ந்து வால்வு எப்போதும் திறந்தே கிடந்தால், ஃபீட் பம்பு நல்லதாக இருந்தும் டீசல் நோசல் பம்பில் தங்காமல் தொட்டிக்கு ஓடிவிடும். விலை குறைந்த சிறு உறுப்பு அது. அதற்காக முழுப் பம்பையும் இறக்கியவர்களை எனக்குத் தெரியும்.

இப்போது கிடைக்கும் டீசலையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும். 2019 பிப்ரவரி முதல் போக்குவரத்து டீசலில் பி10, அதாவது நூற்றுக்குப் பத்துப் பங்கு செம்பனை மெத்தில் எஸ்டர், கட்டாயமானது. 2021 ஏப்ரல் முதல் யூரோ 5 தரம் வந்து, கந்தகம் பத்து லட்சத்தில் பத்துப் பங்காகக் குறைந்தது. ஆலைக்கு நாம் இழுத்துப் போகும் குலையே சுற்றி வந்து நம் தொட்டியில் விழுகிறது என்று நினைத்தால் சிரிப்பு வரும். உயவுத்தன்மைக்கு எஸ்டர் நல்லதே. ஆனால் அது பழைய தொட்டியின் அடியில் படிந்த அழுக்கைக் கரைத்துக் கிளப்பிவிடும், தண்ணீரையும் வெறும் டீசலைவிடக் கூடுதலாகத் தாங்கிக்கொள்ளும். அந்தத் தண்ணீருக்கும் டீசலுக்கும் இடையிலான எல்லையில்தான் கருங்கூழ் வளர்கிறது. முப்பது ஆண்டுக்கு முன் போட்ட ரப்பர் ஹோஸ் வெளியே மினுக்கமாகவும் உள்ளே பிசுபிசுப்பாகவும் இருப்பதற்கும் அந்த எஸ்டர் ஒரு காரணம். 2024 ஜூன் 10 அன்று தீபகற்பத்தில் டீசல் 2 ரிங்கிட் 15 சென்னிலிருந்து 3 ரிங்கிட் 35 சென்னுக்குப் போனபின், டிரம்மில் வாங்கி வைத்து ஊற்றுவோருக்கு ஒவ்வொரு துளியும் காசாகத் தெரிகிறது. அடியில் கிடப்பதையும் வழித்து ஊற்றும் பழக்கம் அதோடு சேர்ந்து வருகிறது. நிமிர்த்தி வைத்த டிரம்மின் தலையில் மழைநீர் தேங்கும். பகல் வெயிலில் உள்காற்று விரிந்து, இரவுக் குளிரில் சுருங்கும்போது, இறுக்கமாகத் தோன்றும் மூடியின் மரைவழியாகவே அந்த நீரை டிரம் உள்ளே குடிக்கும். படுக்க வைத்து, இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் பக்கவாட்டில் இருக்கும்படி திருப்பிவிட்டால் அந்தத் தொல்லை இல்லை.

பட்டினியைச் சமாளிக்கச் சிலர் எடுக்கும் குறுக்குவழி, நோசல் பம்பின் உச்ச டீசல் அளவைக் கட்டுப்படுத்தும் முழுப்பார ஸ்குரூவின் சீல் கம்பியை வெட்டி டீசலைக் கூட்டிவிடுவது. வராத டீசலைக் கூட்டிக் கொடுக்க ஸ்குரூவால் முடியாது. அடைப்பு நீங்கிய நாளில் அந்தக் கூட்டல் கரும்புகையாக வெளிப்படும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை வரும் வாகனப் பரிசோதனையில் புகைச் சோதனையில் தோற்று நிற்கவேண்டியிருக்கும். இதை நான் வழிகளில் ஒன்றாகவே எண்ணுவதில்லை.

பொட்டோங் கடைப் பம்பு வேறு. அது மலிவு, அன்றே கிடைக்கும், சில வேளை நன்றாகவும் அமையும். ஆனால் எந்த நாட்டில் எத்தனை காலம் எந்த டீசலில் ஓடியது என்பது தெரியாத பம்பு. அதே மாதிரி இயந்திரத்திலேயே டைமிங்கும், வேகத்தைக் கட்டுப்படுத்தும் கவர்னரின் அமைப்பும் வேறுபடலாம். கலிபரேஷன் செய்யாமல் மாட்டினால் ஒரு சந்தேகத்தைக் கழற்றிவிட்டு இன்னொரு சந்தேகத்தைப் பூட்டுகிறோம். கலிபரேஷன் செய்தே மாட்டுவதென்றால் நம் பம்பையே அனுப்பியிருக்கலாம். நம் பம்பின் உடலே வெடித்துப்போனாலன்றி இந்தப் பக்கம் நான் போகமாட்டேன்.

மின்பம்பைப் பற்றி என் எண்ணம் சற்று மாறியிருக்கிறது. தொட்டிக்கு அருகில் குறைந்த அழுத்த மின்பம்பைப் பொருத்தினால் உறிஞ்சும் பக்கம் முழுவதும் அழுத்தும் பக்கமாகிவிடும். காற்று புகுந்த ஓட்டை டீசல் சொட்டும் ஓட்டையாகித் தன்னைத் தானே காட்டிக்கொடுக்கும். பில்டர் மாற்றியபின் ஹேண்ட் பம்பை அமுக்கி விரல் நோகவேண்டியதில்லை. ஆகவே தேடலுக்கு உதவும் கருவியாக அது நல்லது. நிரந்தரத் தீர்வாக மாட்டும்போதுதான் கோளாறு மறைகிறது: அடைப்பு வளர்ந்துகொண்டே இருக்கும், மின்பம்பு அதைத் தள்ளிச் சமாளித்துக்கொண்டே இருக்கும், இரண்டும் ஒருநாள் சேர்ந்து நிற்கும். மாட்டுவதென்றால் அதற்கு முன்னால் ஒரு சிறு பில்டரும், இயந்திரம் நின்றால் பம்பையும் நிறுத்தும்படி ஆயில் அழுத்த சுவிட்சும் வேண்டும். லோரி 24 வோல்ட் என்பதை மறந்து 12 வோல்ட் பம்பை வாங்கி வந்த கதையும் நம் ஊரில் உண்டு.

இவ்வளவு சொன்னபின், நோசல் பம்பை இறக்கவே கூடாது என்று நான் சொல்வதாகத் தோன்றலாம். அப்படியில்லை. அதன் உள்ளே டீசலைத் தள்ளும் பிளஞ்சருக்கும் அது ஓடும் பேரலுக்கும் இடையிலான இடைவெளி ஒரு மில்லிமீட்டரின் ஆயிரத்தில் இரண்டு மூன்று பங்குதான். அது தேய்ந்தால் வெளியிலிருந்து எவராலும் சரிசெய்ய இயலாது, டெஸ்ட் பெஞ்சைத் தவிர வேறு வழியும் கிடையாது. அனுப்பும் முன் அது தேய்ந்திருக்கிறது என்பதற்கு மூன்று அடையாளம் தேடுவேன். குளிர்ந்த இயந்திரம் எளிதாகக் கிளம்பி, சூடான இயந்திரம் கிளம்ப மறுப்பது முதலாவது. சூட்டில் டீசல் நீர்த்துத் தேய்ந்த இடைவெளி வழியே நழுவுகிறது. நிறுத்திய பம்பின் மேல் ஈரச் சாக்கைப் போர்த்திக் குளிர்வித்ததும் கிளம்பினால் சந்தேகம் வலுக்கிறது. ஓடும் சூட்டில் தண்ணீரை வாரி ஊற்றுவது பம்பை இறுக்கிவிடக்கூடும், ஆகவே அதைச் செய்யாதீர்கள். எஞ்சின் ஆயில் மட்டம் குறையாமல் ஏறுவதும் அதில் டீசல் வாடை வீசுவதும் இரண்டாவது. வரிசைப் பம்பின் கேம் அறைக்கு எஞ்சின் ஆயில்தான் போகிறது, பிளஞ்சரைத் தாண்டி ஒழுகும் டீசல் அங்கேதான் சேரும். ஃபீட் பம்பின் சீல் போனாலும் இதே அடையாளம் வரும் என்பதால் அதை முதலில் பார்க்கவேண்டும். டின் சோதனையில் எந்த மாற்றமும் இல்லாமல், கேஜில் அழுத்தமும் கதவில் எழுதிய அளவிலேயே நிற்பது மூன்றாவது.

நோசல்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க, ஐட்லிங்கில் ஒவ்வொரு குழாயின் நட்டையும் சற்றே தளர்த்தி எந்தச் சிலிண்டரில் இயந்திரத்தின் சத்தம் மாறவில்லை என்று கேட்கும் முறை இப்பழைய இயந்திரங்களுக்குப் பொருந்தும். இவற்றின் நோசல் ஏறக்குறைய 200 பாரில் திறக்கிறது. அந்தத் தாரை தோலைத் துளைத்து உள்ளே போய்விடும், வெளியே ஊசி குத்தியதுபோல் மட்டுமே தெரிந்தாலும் உடனே மருத்துவமனைக்கு ஓடவேண்டிய காயம் அது. துணியைச் சுற்றிக்கொண்டு, முகத்தை விலக்கிச் செய்யவேண்டும். கணினி கட்டுப்படுத்தும் காமன் ரெயில் லோரிகளில் இந்த முறையைக் கனவிலும் செய்யக்கூடாது. அங்கே அழுத்தம் ஆயிரம் பாரைத் தாண்டிப் போகிறது.

இதை எழுதும் இந்த மாதத்தில் என் லோரி மறுபடி முரண்டு பிடிக்கிறது. டின் கட்டி உயரத்திலும் தாழ்விலும் ஓட்டினேன்; மாற்றமில்லை. கேஜ் கதவில் உள்ள எண்ணையே காட்டுகிறது. ஃபீட் பம்பின் சீல் புதிது. ஆலையில் பாரம் இறக்கிவிட்டுச் சூட்டோடு சாவியைத் திருப்பினால் கிளம்ப மறுக்கிறது. ஈரச் சாக்குப் போட்டால் கிளம்புகிறது. ஆயிலில் டீசல் வாடை இருக்கிறது. மூன்று அடையாளமும் ஒரு பக்கமே கை காட்டுவதால் செவ்வாய்க்கிழமை பம்பை இறக்கி ஈப்போவுக்கு அனுப்புகிறேன். இந்த முறை துளை போல்ட்டையும் வலையோடு சேர்த்து ஒரு பையில் போட்டு, பம்போடு கட்டி அனுப்புகிறேன்.